கடைப் பாக்கி 31,000: தேவன் தருவார் என்று கடன் சொல்லி வாங்கிக் கொடுக்கலாமா?

மார்ச் 3, காலை 6.40. கேள்வி

எங்கள் சபையில் 18 விதவைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் ஆளுக்கு 10 கிலோ அரிசி, ஒரு லிட்டர் எண்ணெய் கொடுக்கிறோம். மாதச் செலவு 11,000 சொச்சம். வருகிற காணிக்கை சராசரி 8,000. குறைவதைத் தேவன் தருவார் என்று கடையில் சொல்லி வாங்கிவிடுகிறோம். இப்போது பாக்கி 31,000. கமிட்டியில் ஒருவர், "ஜார்ஜ் முல்லர் ஒரு நாளும் கடன் வாங்கவில்லை, நீங்கள் செய்வது விசுவாசம் அல்ல" என்கிறார். இன்னொருவர், "கையில் இருந்தால்தான் வாங்குவேன் என்பதற்கு விசுவாசம் எதற்கு" என்கிறார். எது சரி?

மார்ச் 3, காலை 9.15. பதில்

முதலில் கணக்கு. 11,000 செலவு, 8,000 வரவு. மாதம் 3,000 துண்டு விழுகிறது. பத்து மாதத்தில் 30,000. ஆகவே இந்தப் பாக்கி திடீரென்று வந்த நெருக்கடியால் ஏறியதில்லை. திட்டம் போட்ட நாளிலேயே அதற்குள் இருந்தது. பத்து மாதமாகத் தேவன் 8,000 தந்துகொண்டிருக்கிறார், நீங்கள் 11,000-க்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இடையில் உள்ள 3,000-ஐச் சுமப்பவர் கடைக்காரர். அவரிடம் யாரும் விசுவாசப் பிரமாணம் வாங்கவில்லை.

முல்லரைப் பற்றிச் சொன்னவர் சொன்னது சரி. 1836 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், வில்சன் தெருவில் 30 பெண் பிள்ளைகளுக்கு இடமுள்ள ஒரு வாடகை வீட்டில் அனாதை இல்லம் தொடங்கினார். 1870-க்குள் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள், 2,050 பிள்ளைகளுக்கு இடம். கடனுக்கு ஒன்றும் வாங்கவில்லை. ரோமர் 13:8-ஐ எழுத்துப்படி எடுத்துக்கொண்டார்: "ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்." ரொட்டிக்கும் பாலுக்கும் வாரக் கணக்கு வைப்பதுகூட ஒருவகைக் கடன்தான் என்று பட்டபோது அதையும் விட்டார். வாரக் கடைசியில் பணம் வராவிட்டால் ரொட்டிக்காரர் அல்லவா காத்திருக்க வேண்டும்? அதனால் அன்றன்றைக்குக் காசு கொடுத்து வாங்கும் முறைக்கு மாறினார்.

மார்ச் 3, காலை 9.50

ஒன்று விட்டுப்போனது. கட்டடத்திலும் அதே ஒழுங்கு. ஆஷ்லி டவுனில் ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தை 1846 பிப்ரவரியில் ஏக்கர் 120 பவுன் விலைக்கு வாங்கினார் (உரிமையாளர் முதலில் கேட்டது 200). ஆனால் அஸ்திவாரம் தோண்டியது 1847 ஜூலையில்தான். தேவையான தொகை கைக்கு வரும்வரை மண்வெட்டி எடுக்கவில்லை. முதல் கட்டடம் 300 பிள்ளைகளோடு திறந்தது 1849-இல். "விசுவாசத்தில் அடியெடுத்து வைக்கிறோம்" என்று பாதிப் பணத்தில் ஆலயக் கட்டடத்துக்குத் தூண் எழுப்பி, வருஷக்கணக்கில் கம்பி துருப்பிடிக்க விடுகிறவர்கள் முல்லரை மேற்கோள் காட்டக் கூடாது. கோபுரம் கட்டுகிறவன் முன்பே உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14:28-இல் ஆண்டவரே சொல்கிறார்.

மார்ச் 3, மாலை 5.30. கேட்டவர்

பிரதர், முல்லர் வீட்டில் ஒரு நாள் காலை சாப்பாட்டுக்கு ஒன்றுமில்லை, ஜெபித்தார், ரொட்டிக்காரர் வந்தார், பால் வண்டி வாசலிலேயே உடைந்தது என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். நாங்களும் அப்படிக் காத்திருக்கிறோம் என்றுதான் எங்கள் எண்ணம்.

மார்ச் 3, இரவு 8.05

அந்தக் காட்சியில் முல்லர் என்ன செய்யவில்லை என்று பாருங்கள். ரொட்டிக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்பி "எழுதி வையுங்கள்" என்று சொல்லவில்லை. வெறும் தட்டோடு உட்கார்ந்தார். நீங்கள் காத்திருக்கவில்லை. வாங்கிவிட்டீர்கள்.

அவருடைய நாட்குறிப்புகளைப் படித்தால் அதிகமாகக் கண்ணில் படுவது சில்லறை. இன்று இத்தனை ஷில்லிங், நேற்று மாலை இத்தனை பென்ஸ், பிள்ளைகள் பின்னிய பொருள் விற்ற காசு, காணிக்கையாக வந்த பொருளை விற்ற காசு. இப்படிப் பக்கம் பக்கமாக. தேவன் தந்ததை அவர் பென்ஸ் வரைக்கும் எழுதி வைத்தார். கொடுத்தவருக்கு ரசீது போனது. பெயர் வெளியே வரவில்லை. அவர் உயிரோடிருந்த நாளில் ஊழியத்துக்கு வந்த தொகை ஏறக்குறைய 15 லட்சம் பவுன், வளர்ந்த பிள்ளைகள் பத்தாயிரத்துக்கு மேல். 1898 மார்ச் 10-ஆம் தேதி, 92 வயதில் இறந்தபோது அவருக்கென்று இருந்தது அற்பம்.

மார்ச் 4, காலை 7.00

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு பக்கம் மட்டும் சொல்லியிருக்கிறேன். முல்லர் தேவையை யாருக்கும் தெரிவிக்கவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள், அது முழு உண்மை இல்லை. ஆண்டறிக்கை அச்சிட்டார், அதில் பஞ்ச நாட்களைப் பற்றியும் எழுதினார். அறிக்கை வாசித்து மனமிரங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. அன்றே சிலர் இதைக் குறை சொன்னார்கள். அவர் கடைப்பிடித்த எல்லை வேறு: தேவை இருக்கும்போது "இன்று எங்களுக்கு இவ்வளவு வேண்டும்" என்று எந்த மனிதனிடமும் சொல்வதில்லை. 1841 கடைசியில் கையில் ஒன்றுமில்லாத நேரத்தில் ஆண்டறிக்கையும் கூட்டமும் வரவேண்டியிருந்தது. இப்போது வெளியிட்டால் கேட்பது போலாகும் என்று சில மாதம் தள்ளிப்போட்டார். அறிக்கையை நிறுத்தவில்லை, காலத்தை மாற்றினார். அந்த நுணுக்கம்தான் அவருடைய நேர்மை.

மார்ச் 4, காலை 7.20

"கேட்கக் கூடாது" என்பது எல்லோருக்கும் இட்ட கட்டளையும் அல்ல. பவுல் 2 கொரிந்தியர் 8, 9 இரண்டு அதிகாரம் முழுக்க எருசலேமின் ஏழைகளுக்காகக் கேட்கிறார். தனக்காக அல்ல. 1 கொரிந்தியர் 16:2-இல் வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் வரவுக்குத் தக்கதாக எடுத்து வைக்கச் சொல்கிறார். வரவுக்குத் தக்கதாக என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். தேவன் இன்றும் ஜெபத்துக்குப் பதில் கொடுக்கிறார் என்று விசுவாசிகள் கண்ணால் காண வேண்டும் என்பதே முல்லரின் முதல் நோக்கம், அதற்காகத் தனக்கு அந்த விதியைப் போட்டுக்கொண்டார். நம் பக்கத்தில் மிஷனரி எமி கார்மைக்கேல் 1901 முதல் திருநெல்வேலிப் பகுதியின் டோனாவூரில் அதே வழியில் நடந்தார். உங்கள் சபை அறிவிப்பில் "விதவைகளுக்கான அரிசி நிதியில் மாதம் 3,000 குறைகிறது" என்று சொல்வது பாவமில்லை. கடை நோட்டில் ஏற்றிவிட்டுச் சபைக்குச் சொல்லாமல் இருந்ததுதான் தவறு.

மார்ச் 4, பிற்பகல் 1.10. வேறொருவர்

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த மன்னாவை நாளைக்கென்று வைத்தவர்களுக்குப் புழுத்து நாறியது. அப்படியானால் சேமிப்பு, கையிருப்பு, ஸ்டாக் எல்லாம் அவிசுவாசம்தானே?

மார்ச் 4, இரவு 9.00

யாத்திராகமம் 16-ஐ முழுவதும் வாசியுங்கள். ஆளுக்கு ஒரு ஓமர். ஓமர் என்பது எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு. பொதுவாகச் சொல்லும் கணக்கில் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். வெயில் ஏறினால் உருகிவிடும், ஆகவே விடியலிலேயே பாளயத்துக்கு வெளியே போய்ப் பொறுக்க வேண்டும். எண்ணாகமம் 11:8-இன்படி அதை ஏந்திரத்தில் அரைத்து அல்லது உரலில் இடித்து, சட்டிகளில் சமைத்து, அப்பம் சுட வேண்டும். வானத்திலிருந்து வந்தாலும் வேலை பாதிக்கு மேல் வீட்டில்தான்.

இப்போது உங்கள் கேள்வி. சாதாரண நாளில் விடியற்காலம்வரை வைத்தது புழுத்தது. ஆறாம் நாளில் இரண்டு ஓமர் சேர்த்து ஓய்வுநாளுக்கு வைத்தது நாறவில்லை, அதில் பூச்சியும் பிடிக்கவில்லை (16:24). அதே மன்னா, அதே பாத்திரம், அதே வெயில். ஒன்று சொல்லை மீறி வைத்தது, இன்னொன்று சொன்னபடி வைத்தது. யோசேப்பு எகிப்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று ஏழு வருஷம் சேர்த்ததும் தேவன் காட்டியபடியே. லூக்கா 12-இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன் "என் ஆத்துமாவே, இளைப்பாறு" என்று தனக்குத்தானே பேசுகிறான். யோசேப்பின் களஞ்சியத்தைத் திறந்தபோது தேசமே சாப்பிட்டது. சேர்த்த தானியம் கடைசியில் யார் வயிற்றுக்குப் போனது என்பதை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்க முடிகிறது.

மத்தேயு 6:34 "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்கிறது. கணக்குப் பார்க்காதிருங்கள் என்று எந்த வசனத்திலும் இல்லை. கணக்குப் பார்க்காதவனுக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது.

மார்ச் 5, காலை 6.30

மத்தேயு 6:26-இல் வரும் ஆகாயத்துப் பட்சிகளைப் பற்றியும் ஒரு வரி. அவை விதைப்பதில்லை, அறுப்பதில்லை. ஆனால் கூட்டில் உட்கார்ந்திருப்பதும் இல்லை. நியாயப்பிரமாணம் ஏழைகளுக்கு ஆகாரம் ஏற்பாடு செய்த விதத்திலும் இதே அமைப்பு: வயலின் ஓரத்தை அறுக்காமல் விடு, சிந்தின கதிரைப் பொறுக்காதே (லேவியராகமம் 19:9). விட வேண்டியது நிலக்காரன், பொறுக்க வேண்டியது ஏழை. விதவையான ரூத் போவாஸின் வயலில் சாயங்காலம்வரை பொறுக்கித் தட்டி அடித்தபோது வாற்கோதுமை ஏறக்குறைய ஒரு மரக்கால் கண்டது. மூலத்தில் அது ஒரு எப்பா, அதாவது பத்து ஓமர். மன்னா அளவில் பார்த்தால் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஐந்து நாள் ஆகாரம். ஒரு பகல் உழைப்புக்கு அது மிகப் பெரிது. காரணம் போவாஸ் வேலைக்காரரிடம் வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடச் சொல்லியிருந்தார். தேவனுடைய பராமரிப்பு என்கிறோமே, அந்த வயலில் அதற்கு இரண்டு கை இருந்தது.

மார்ச் 5, காலை 11.45. கேட்டவர்

சரி பிரதர். 31,000-க்கு இப்போது என்ன செய்வது? அரிசியை நிறுத்த மனம் வரவில்லை.

மார்ச் 5, இரவு 8.30

2 இராஜாக்கள் 4 உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. விதவை, கடன், கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்கொள்ள வந்துவிட்டான். தீர்க்கதரிசி எலிசா கேட்டது: "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" ஒரு குடம் எண்ணெய். அயல்வீட்டாரிடம் வெறும் பாத்திரம் அநேகம் வாங்கு, கதவைப் பூட்டு, வார்த்து வை. பாத்திரம் தீர்ந்தது, எண்ணெய் நின்றது. பிறகு வந்த வரிசை: விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு ஜீவனம்பண்ணு. கடன் முதலில், சாப்பாடு மீந்ததில்.

ஆகவே: இந்த மாதமே கடையில் புதிதாக எழுதுவதை நிறுத்துங்கள். கடைக்காரரை கமிட்டியிலிருந்து இருவர் நேரில் பார்த்து, மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று சொல்லி அவர் நோட்டிலும் உங்கள் நோட்டிலும் ஒரே வரியை எழுதுங்கள். 8,000-இல் 2,000 பாக்கிக்கு ஒதுக்கினால் 16 மாதத்தில் முடியும். மீதி 6,000-க்கு ஆளுக்கு 5 கிலோ அரிசி, அரை லிட்டர் எண்ணெய். கிலோ 48, எண்ணெய் 140 என்று போட்டால் 5,580 ஆகிறது. குடும்பங்களிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ரொக்கம் கொண்டுபோனால் விலையும் பேசலாம். ஜி.எஸ்.டி.க்குப் பிறகு கடைகளில் 26 கிலோ சிப்பம் வருகிறது. 180 கிலோவுக்கு ஏழு சிப்பம். அந்த அளவுக்கு மண்டியிலேயே வாங்கலாம். பாக்கி வைத்திருப்பவர், கடைக்காரர் எந்த ரகம் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

மார்ச் 6, காலை 6.15. வேறொருவர்

அரிசிக்கென்று கொடுத்த காணிக்கையைக் கடனுக்குத் திருப்பலாமா? குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்ததை முல்லர் வேறெதற்கும் எடுக்க மாட்டாரே.

மார்ச் 6, காலை 10.00

நல்ல பிடி. நேற்று அவசரப்பட்டேன். பொதுவாகப் பெட்டியில் விழுந்ததை எடுக்கலாம். பாக்கியும் அதே அரிசிக்கான பாக்கிதான். ஆனால் "இந்த மாதம் இன்ன பாட்டிக்கு" என்று பெயர் சொல்லிக் கொடுத்த தொகை அந்தப் பாட்டிக்கே போக வேண்டும். அதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இன்னும் நேர்மையான வழி: பாக்கியைச் சபைக்குத் தெரிவித்து "கடைப் பாக்கி" என்று தனிக் காணிக்கைப் பை ஒன்று எடுப்பது. தீர்மானம் எடுத்த கமிட்டியாரே முதல் தொகையைப் போட வேண்டும். விதவைகளின் அளவைக் குறைத்துக் கமிட்டியின் தவறை அடைப்பது நியாயமா என்ற கேள்வி எனக்குள் நேற்றிரவே எழுந்தது. நியாயமில்லை என்றே இப்போது நினைக்கிறேன். 2,000-ஐ அரிசிப் பணத்திலிருந்து எடுப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

இன்னொன்று. எல்லோருக்கும் சமமாகக் குறைக்காதீர்கள். 1 தீமோத்தேயு 5 விதவைகளைப் பிரித்துப் பார்க்கிறது: பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உள்ளவர்களை வீட்டாரே தாங்க வேண்டும், "உத்தம விதவை" ஒருவருமற்றவள். 18 பேரில் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர், பென்ஷன் வருபவர்கள் எத்தனை பேர் என்று பட்டியல் எடுங்கள். ஒருவருமற்றவருக்கு 10 கிலோ அப்படியே நிற்கட்டும்.

மார்ச் 6, மாலை 4.40

பிடி அரிசியை ஏன் யாரும் சொல்லவில்லை? மிசோரம் சபைகளில் 1910-இல் பெண்கள் தொடங்கிய "புஃபாய் தாம்" இதுதான். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிப் பானையில் போடுவது. ஏழை வீட்டிலும் கொடுக்க முடியும் என்பதால்தான் இது ஒரு நூற்றாண்டு தாண்டி நிற்கிறது.

முறை: அளந்த பிறகு, களைவதற்கு முன், அளந்ததிலிருந்தே எடுக்க வேண்டும். மூட்டையிலிருந்து கூடுதலாக எடுத்தால் அது வேறு காணிக்கை, நம் சோற்றில் குறையாது. ஒரு பிடி 40 முதல் 50 கிராம். நாளைக்கு இரண்டு வேளை என்றால் மாதம் வீட்டுக்கு 2.7 கிலோ. 40 வீடு என்றால் 108 கிலோ.

மார்ச் 6, இரவு 7.20. வேறொருவர்

இப்போது எந்த வீட்டில் இரண்டு வேளை உலை வைக்கிறார்கள்? மதியம் ஒரு வேளைதான். ராத்திரி தோசை.

மார்ச் 6, இரவு 9.10

ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு 1.35 கிலோ, 40 வீட்டுக்கு 54 கிலோ. 18 குடும்பத்துக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 3 கிலோ. 5 கிலோவாகக் குறைந்தது 8 ஆகிறது. பாக்கிக்குத் தனிப் பை எடுத்தால் 10-க்கே திரும்பலாம்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஒன்று, கலப்படம்: ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி. மூன்றும் ஒரே நேரத்தில் வேகாது. ஒரே டிரம்மில் கொட்டினால் வாங்குபவர் குழைந்ததும் வேகாததுமாகச் சாப்பிட வேண்டும். சோற்றுக்கான புழுங்கல் ஒரு டிரம், மற்றது இன்னொரு டிரம். இரண்டு, வண்டு: மாதக் கடைசிவரை வீட்டிலேயே கிடந்தால் வைக்கும். வாரம் ஒருமுறை சேகரியுங்கள். டிரம்மை வெயிலில் காய வைத்து, உலர்ந்த வேப்பிலையோ வற்றல் மிளகாயோ போடுங்கள். மூன்று, ரேஷன் அரிசி: பிடியாக வந்ததை அப்படியே சமைக்கக் கொடுப்பதோடு நிறுத்துங்கள். சேர்ந்ததை ஏலம் விடுகிற பழக்கம் சில சபைகளில் உண்டு. ரேஷன் அரிசியை விற்பது குற்றம்.

மார்ச் 7, காலை 8.00. கேட்டவர்

ஒரு சகோதரி, "31,000-ஐ அமெரிக்காவில் இருக்கும் என் மகன் அனுப்பிவிடுவான், இதுதான் தேவனுடைய பதில்" என்கிறார்.

மார்ச் 7, காலை 10.30

மகன் எந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நிதியாகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும், அது எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு நிதி. பதிவோ முன்அனுமதியோ இல்லாத சபைக் கமிட்டி அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு புது டெல்லி எஸ்.பி.ஐ. பிரதானக் கிளையில் உள்ள கணக்கில்தான் வர வேண்டும். அவர் தன் அம்மாவுக்குக் குடும்பப் பணமாக அனுப்பி, அம்மா தன் விருப்பப்படி காணிக்கை போடுவது வேறு. ஆனால் சபைக்கென்று சொல்லி அம்மா கணக்கு வழியாகச் சுற்றிவிடுவது குறுக்கு வழி. ஜெபித்துக் கிடைத்ததற்குப் பொய்க் கணக்கு எழுத வேண்டியிருந்தால் அதைத் தேவன் அனுப்பினார் என்று நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் 7, இரவு 9.40

பிலிப்பியர் 4:19-ஐ யாராவது இங்கே போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்." அதற்கு முந்தின நாலு வசனம், பிலிப்பி சபையார் பவுலின் குறைச்சலுக்கு ஒரு தரம், இரண்டு தரம் அனுப்பியதைச் சொல்கிறது. கொடுத்துக் கை வெறுமையானவர்களுக்குச் சொன்ன வாக்கு அது. "நூறு மடங்கு" பிரசங்கிகள் மாற்கு 10:30-இல் நூறத்தனை என்பதோடு நிற்கிறார்கள். அதே வசனத்தில் "துன்பங்களோடேகூட" என்று இருக்கிறது. பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசியைப் போஷித்த சாறிபாத் விதவையின் பானையும் நிரம்பி வழிந்ததாக எழுதப்படவில்லை. மா செலவழிந்துபோகவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் அடியில் ஒரு பிடி. அந்தப் பிடியோடு மழை பெய்யும்வரை நடந்தாள்.

மார்ச் 8, காலை 7.15. கேட்டவர்

கமிட்டி கூடியது. கடையில் இனி எழுதுவதில்லை என்று முடிவு. ஞாயிறு அறிவிப்பில் பாக்கியைச் சொல்கிறோம். பிடி அரிசி டிரம்மும் பணப் பையும் யார் பொறுப்பில் இருக்கலாம்?

மார்ச் 8, காலை 9.00

ஒருவர் பொறுப்பில் வேண்டாம். 2 கொரிந்தியர் 8:20-இல், கையில் இருக்கும் தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றப்படுத்தாதபடி பவுல் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்புகிறார். பையை இருவர் எண்ணி இருவரும் கையெழுத்திடட்டும், சாவி மூன்றாமவரிடம். டிரம்மை எடைபோட்டு எழுதுங்கள், படிக் கணக்கு வேண்டாம். புழுங்கலும் பச்சரிசியும் ஒரு படிக்கு ஒரே எடை வராது. கொடுக்கும் நாளில் பெற்றவர் பெயர் நோட்டில் மட்டும் இருக்கட்டும். ஆலய வாசல் பலகையில் வரவு, வாங்கியது, பாக்கி, குடும்பங்களின் எண்ணிக்கை என்று நாலு வரி போதும், விதவைகளின் பெயர் அங்கே வேண்டாம். முதல் பலகை ஏப்ரல் முதல் ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரையும் அழைத்துக் காட்டுங்கள்.